தெருவின் மேல் போகும் படகு

ஃப்ரீவேக்குப் பக்கத்தில் ஓடும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு ஜீன்ஸ், சில சட்டைகள், ஒரு போர்வை, போன் சார்ஜர். நான் விட்டுவிட்டு வந்த கேட்டரிங் கிச்சன் முதுகுக்குப் பின்னால் வெகு தூரம் போய்விட்டிருந்தது. அங்கே மாவு அரைத்தேன், அண்டா கழுவினேன், கிரைண்டர் இருந்த கராஜிலேயே படுத்தேன். அன்று காலை முதலாளியின் மச்சான் ஊரிலிருந்து வந்து இறங்கினார். கராஜில் ஒரு ஆள்தான் படுக்க முடியும். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டிரேக்களை வேனில் ஏற்றினேன், கையைத் துடைத்தேன், பையை எடுத்தேன். எனக்கு இது பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான், யாரிடமும் சொல்லாமல், ஒரு மத்தியானத்தில்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் நடக்கிறவனுக்கு வழி கிடையாது. நடைபாதை ஒரு கடை வாசல்வரை ஒழுங்காக வரும், அங்கே நின்றுவிடும். பிறகு புல், சாக்கடை ஓரம், மறுபடி புல். ஒரு மனிதன் நடந்து வருவதைப் பார்த்தால் கார்கள் வேகத்தைக் குறைத்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். வெயில் சாய்ந்த பிறகு பெட்ரோல் பங்குக்கு மேலே இருந்த கம்பிகளில் நீண்ட வாலுள்ள கறுப்புப் பறவைகள் வந்து உட்கார்ந்தன. முதலில் சில, பிறகு கம்பியே தெரியாத அளவு. அவை துருப்பிடித்த கீல் போலக் கத்தும். அந்தச் சத்தத்துக்குக் கீழே ஆட்கள் ஒன்றும் நடக்காததுபோல் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹூஸ்டனின் தென்மேற்கில் ஒரு டயர் கடையில் எனக்குத் தெரிந்த ஒருவன் இருந்தான். சரக்குக் கப்பலில் ஒரே கேபினில் படுத்தவர்கள். ஒரு துறைமுகத்தில் இறங்கி, கப்பல் கிளம்பும்போது ஏறாமல் விட்டவர்களும் நாங்கள் இருவர்தான். அவனிடம் போகலாம் என்று நினைத்தேன். வழியைக் குறைக்க, ஒரு குடியிருப்புக்குள் புகுந்தேன். செங்கல் மதில், உள்ளே ஒரே நிறத்தில் வீடுகள், நடுவில் ஒரு குளம். அதை லேக் என்பார்கள். மழைத்தண்ணீர் நிற்பதற்காகத் தோண்டியது. சுற்றிலும் நடக்கப் பாதை போட்டு, ஓரத்தில் முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையும் நட்டிருந்தார்கள்.

தண்ணீர் ஓரம் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஆப்பிரிக்கக்காரர். உயரம், ஒல்லி, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். ஷூவைக் கழற்றி, ஜோடியாக, வீட்டு வாசலில் விடுவதுபோல் விட்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்து, "அகோ" என்றார். உரக்கச் சொல்லவில்லை. கதவுக்கு உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற அளவு.

"அமே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ந்த வாசல் நிலைக்குக் கீழே நுழைகிறவர்போல் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, தண்ணீருக்குள் காலை வைத்தார். அடுத்த அடியில் இடுப்புவரை போனார். இது சறுக்குக்கரை, நாலு அடிக்கு மேல் தரை நழுவிவிடும். பையை எறிந்துவிட்டு இறங்கினேன். நான் பிடித்தபோது தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. அவர் திமிறவில்லை. யாரோ வீட்டுக்குள் வருமாறு கூப்பிட்ட மனிதரை வேறு யாரோ கையைப் பிடித்து இழுத்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். அக்குளில் கைகொடுத்து இழுத்துக் கரையில் போட்டேன். நாணலுக்குள் ஏதோ ஒன்று கனமாக அசைந்து அடங்கியது. இரண்டு பேரும் இடுப்புவரை சேறு.

நான் ஏன் பதில் சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.

கப்பலுக்கு முன்னால் நான் கானாவில் இருந்தேன். அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் ஒரு சின்னக் கரையூர். எங்கள் கடற்கரைப் பையன்களை ஒரு மீன் கம்பெனி ஐஸ் பிளாண்ட்டுக்கு ஆள் எடுத்தபோது கம்பிரசர் ஓட்டப் போனேன். அந்த ஊர் ஒரு மணல் நாடா. தெற்கே கடல், வடக்கே அக்கரை தெரியாத உப்பங்கழி, நடுவில் ஒரே சாலை. சாலையில் நின்று இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கலாம். மேற்கே போனால் மணலிலேயே பாத்தி கட்டிச் சின்ன வெங்காயம் போட்டிருப்பார்கள். கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு ஒவ்வொரு பாத்திக்கும் ஊற்றுவார்கள். கிழக்கே பழைய வெள்ளைக்காரன் கோட்டை ஒன்று பாதி கடலில் கிடந்தது. கழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்தை நாளில் பானையும் கரியும் ஏற்றிய பாய்மரப் படகுகள் வரும். கோடையில் கழி வற்றினால் உப்பு எடுப்பார்கள். தென்னைகளுக்கு ஏதோ நோய் வந்து தலைகள் விழுந்துவிட்டிருந்தன. ஊர் முழுக்க வெறும் தண்டுகள் நட்டுவைத்த கம்பம்போல் நின்றன. தேங்காய்க்காரக் கடற்கரையிலிருந்து போன எனக்கு முதல் வாரம் அவற்றுக்கு நடுவே நடக்கவே பிடிக்கவில்லை.

கடல் அந்த ஊரைத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அல்ல, ஒவ்வொரு பெருங்காற்றிலும் ஒரு வரிசை வீடு. மணல் போன பிறகு சிமெண்ட் கிணற்று உறைகள் மட்டும் அலைக்குள் நிற்கும், புகைபோக்கி மாதிரி. மணலுக்கு அடியில் இருந்தது எல்லாம் மணலுக்கு மேலே.

மின்சாரம் இல்லாத நாட்களில் பிளாண்ட் மூடிக் கிடக்கும். அப்போது நான் அவர்களோடு படகில் போவேன். எங்கள் ஊர்க் கரமடி போலத்தான் அவர்கள் வலையும். ஒரு முனை கரையில், மறு முனையைப் படகு கொண்டுபோய் வளைத்து வரும், கயிற்றைப் பாட்டோடு இழுப்பார்கள். ஒரு வித்தியாசம். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்துக்குக் கீழேதான் அவர்களுடைய தெருக்கள். துடுப்பால் தள்ளிக்கொண்டே, "இது சர்ச்", "இது தபால் ஆபீஸ்", "இது தையல்காரி வீடு" என்பார்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும், ஒன்றும் தெரியாது. வலை போட வேண்டிய இடம் யாருடைய வீட்டுக்கு மேலே வந்தாலும், முன்னால் இருப்பவன் குனிந்து "அகோ" என்பான். அந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழையும் முன்னும் சொல்வது அது. உள்ளே இருப்பவர் "அமே" என்ற பிறகுதான் கால் வைக்கலாம். படகில், உள்ளே இருப்பவர்களுக்காகப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் பதில் சொல்ல வேண்டும். என்னைப் பின்னால்தான் உட்கார வைப்பார்கள். அந்நியன் சொன்னால் அந்த வீட்டாரின் குரல் என்று யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அகோ என்று யாராவது சொல்லிவிட்டால் என் வாய் தானாகத் திறக்கும்.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பெரியவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அவர் பேசியது ஆங்கிலம். நான் அந்த ஊரில் பழகிய ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஏன் என்னை வெளியே இழுத்தே?" என்றார். "பதில் வந்துச்சே."

"பதில் சொன்னது நான்தான் ஐயா. தெரியாம சொல்லிட்டேன்."

"நீ சொன்னது தெரியும். நீ பின்னால நின்னு சொன்னே." குளத்தைக் கையால் காட்டினார். "ரெண்டு பேர் சொன்னீங்க. இன்னொண்ணு என் அக்கா. முன்னாலேர்ந்து."

குளத்தின் நடுவில் ஃபவுண்டன் தண்ணீரை மேலே எறிந்துகொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. பறவைகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

"நீ யார் வீட்டுப் பையன்?" என்றார்.

அந்தக் கேள்வியிலேயே அவரும் அதே ஊர்க்காரர் என்று பட்டது. ஐஸ் பிளாண்ட் என்றேன். கோட்டைக்குப் போகிற வழியில், உப்புக் குடோனுக்கு எதிரே. அவர் காலத்தில் ஐஸ் பிளாண்ட் இருந்திருக்காது. ஆனால் உப்புக் குடோன் என்றதும் என் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். "அப்போ நீ பக்கத்து ஆள்தான்" என்றார். ஷூவை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டேன். அவர் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் ஒரு போன் நம்பர். பையிலிருந்து போனை எடுத்து அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. "எங்கே போகணும்?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த மாலை நான் நடந்த நடை இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் வழி தெரிந்தவர்போல் திரும்பினார். "இது கழிக்கரைச் சந்து" என்றார், வரிசையாக கராஜ் கதவுகள். "இங்கே மீன் புகை போடுவாங்க. கண்ணு எரியலையா உனக்கு?" எரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. சேற்றுத் தண்ணீர் பட்டிருக்கும். சில வீட்டு வாசலில் நின்று, புல்லைத் தாண்டாமல், "அகோ" என்றார். நான் இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். ஒரு கதவில் இருந்த காமிரா நீல வெளிச்சம் காட்டி, இங்கே நடப்பது பதிவாகிறது என்று பெண் குரலில் சொன்னது. அவர் தலையசைத்து, "வேற யாரோ குடிவந்திருக்காங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக் கதவிலும் அதே குரல். அடுத்ததிலும். ஒரு மனிதரும் வெளியே வரவில்லை. உள்ளே விளக்குகள் எரிந்தன.

ஒரு வேன் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நர்ஸ் உடை. இறங்குவதற்கு முன்பே போனில் யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆளு கெடச்சாச்சு. ஆமா, நல்லாத்தான் நிக்கிறாரு, முழுக்க சேறு. கூட ஒரு மெக்ஸிகன் பையன் நிக்கான். என்ன பண்ணினான்னு தெரியல, இரு, கேக்கேன்."

"நான் மெக்ஸிகன் இல்ல ஆன்ட்டி" என்றேன். "குளச்சல் பக்கம்."

போனைக் காதிலிருந்து எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொளச்சலா? அதான் தண்ணிய கண்டதும் எறங்கிட்ட" என்றார். பிறகுதான் குரல் உடைந்தது. "தண்ணிக்குள்ள போயிட்டாரா மக்களே?"

"மார்பு வரைக்கும்."

"மாதாவே." வேனுக்குள் போய் டவல்களை எடுத்து சீட்டில் விரித்தார். "ஏறு. ரெண்டு பேரும் ஏறுங்க. அந்தப் பைய மடில வச்சிக்க, என் சீட்ட நாசம் பண்ணாத."

அவர் நாகர்கோவில்காரர், பிள்ளையை 'மக்களே' என்று கூப்பிடும் எங்கள் பக்கம். அந்தக் குடியிருப்பிலேயே ஒரு வீட்டை எடுத்து, வயதானவர்கள் சிலரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வெளியே பார்த்தால் பக்கத்து வீடு மாதிரியேதான் இருக்கும். உள்ளே குளியலறைகளில் பிடிகள், வாசலில் ஒரு மணி. பெரியவர் தன் அறை வாசலில் நின்று "அகோ" என்றார். ஆன்ட்டி கையில் டவலோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அமே, அமே" என்றார். அவர் உள்ளே போனார்.

"அது சொன்னாத்தான் போவாரு" என்றார் என்னிடம். "கம் இன் சொன்னா நின்னுகிட்டே இருப்பாரு. பாத்ரூம் கதவுக்குக்கூட. மொதல்ல எனக்குத் தெரியல, அவரு மக சொல்லிக் கொடுத்தா."

குளித்துவிட்டு வந்த எனக்கு அவர் கணவரின் லுங்கியும் டீ ஷர்ட்டும் கொடுத்தார். இரவு சாப்பாட்டுக்குச் சோறும் மீன் குழம்பும். மீன் வாலைப் பார்த்ததும் எந்த மீன் என்று கேட்டேன். "கேள்வி கேக்காம தின்னு, இங்க கெடச்ச மீன்" என்றார். தின்றுகொண்டிருக்கும்போதே அவர் சொன்னதுதான் விஷயம்.

பெரியவர் இப்படிப் போவது இது முதல் முறை அல்ல. இதற்கு முன்பு மகள் அவரைப் மறதி நோய்க்காரர்களுக்கான, பூட்டு போட்ட மெமரி கேர் ஒன்றில் வைத்திருந்தாள். அங்கே கதவுகளுக்கு நம்பர் அடிக்க வேண்டும். அவர் கதவுக்கு முன்னால் நின்று காலையிலிருந்து அகோ, அகோ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கதவு பதில் சொல்லாது. சாப்பாட்டு அறையின் கதவுக்கு முன்னாலும் அப்படியே நிற்பார். உள்ளே போகாமல் சாப்பாட்டை விட்டார். எலும்பாகி வந்த ஆளைத்தான் ஆன்ட்டி எடுத்துத் தேற்றினார். ஆனால் மகள் முடிவாகச் சொல்லியிருந்தாள், இனி ஒரு முறை வெளியே போனால் மறுபடி அங்கேதான் என்று.

"அவள நான் குத்தம் சொல்லல" என்றார் ஆன்ட்டி. "ராத்திரி டியூட்டி பாக்கா. அப்பன் தண்ணில செத்தான்னு போன் வந்தா என்ன செய்வா? நாளைக்குக் காலைல டியூட்டி முடிச்சு நேரா வாறா. மத்தியானம் அங்க கொண்டுபோக வேன் புக் பண்ணிட்டா."

"அங்க போனா?"

"இந்தத் தடவ தேத்துறதுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல மக்களே." குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "இங்க இருந்தா தண்ணி. அங்க போனா கதவு."

சோபாவில் படுத்தேன். களைப்பில் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தபோது மகள் வந்திருந்தாள். நீல நர்ஸ் உடை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அப்பாவின் அறையில் கட்டில்மேல் சூட்கேஸைத் திறந்து வைத்துச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைகள் போவதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போறோம்" என்றார் என்னிடம். "அக்கா வீட்ல இருக்கா. நேத்து நீயும் கேட்டே."

மகளின் கை நின்றது. நான் யார் என்று ஆன்ட்டி அவளிடம் சொன்னார். மகள் எழுந்து வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். ஆன்ட்டியும் வந்தார்.

"நீங்க நிஜமாவே அங்க இருந்தீங்களா?" என்றாள். "நான் ரொம்பச் சின்ன வயசுல வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அடுத்த மாசம் கூட்டிட்டுப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் சமாளிச்சேன். வீடு நல்லாத்தான் இருக்கு. பெரியப்பா பையன் போட்டோ அனுப்புவான்."

போனைக் காட்டினாள். மஞ்சள் சுவர், முன்னால் ஒரு கிணறு, பின்னால் தென்னைகள். கோட்டையின் ஒரு மூலை இடது ஓரம் தெரிந்தது. நான் படத்தைப் பெரிதாக்கித் தென்னைகளைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலை இருந்தது. ஓலை காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இது பழைய படம்" என்றேன்.

"போன வாரம்தான் அனுப்பினான்."

"அனுப்பினது போன வாரமா இருக்கலாம். நான் போனப்ப அந்த ஊர்ல ஒரு தென்னைக்கும் தலை இல்ல."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. கோட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த தெருக்கள் கடலுக்குள் இருப்பதைச் சொன்னேன். அதன் மேல் படகு போகும், நானும் போயிருக்கிறேன் என்றேன். அந்த வீடு எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூலை தெரிகிற தூரத்தில் நான் போனபோது தரையே இல்லை.

"அப்போ அத்தை?" என்றாள். அத்தை என்று அவள் சொன்னது பெரியவரின் அக்காவை. "அத்தை நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. வீட்டுக்குப் பின்னாலதான் புதைச்சிருக்குன்னு அப்பா சொல்வார்."

கிணற்று உறைகளைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன்.

ஆன்ட்டிதான் பேசினார், ஆங்கிலத்தில், என் பக்கம் கையைக் காட்டி. நடந்ததை இரவே அவரிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவர் தண்ணீருக்குள் போனது ஒருவர் பதில் சொன்னதால்தான் என்றார். அதுவரை அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார், எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். ஒருவர் பதில் சொல்லாமல் அவர் எங்கேயும் நுழைய மாட்டார். மகள் என்னைப் பார்த்தாள். ஆமாம், நான்தான் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றாள். "வீட்ல அவர் அகோன்னா நான் தூக்கத்துலகூட சொல்வேன்."

"ஆனா இப்ப பதில் கேட்டுட்டார்" என்றாள் பிறகு. "வீட்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனி விடமாட்டார். பூட்டாம வேற என்ன செய்யறது?"

அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வேலை செய்வார். ஆள் இல்லாத வீட்டு வாசலில் யாராவது அகோ என்று நின்றால், அவரை அப்படியே நிற்க விடக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். காற்று சரியில்லாத நாளில் படகிலும் அதைச் சொல்வோம். முன்னால் இருப்பவன் கேட்பான், பின்னால் இருப்பவன் 'சந்தைக்குப் போயிருக்காங்க' என்பான், படகைத் திருப்பிவிடுவார்கள். அந்த இடத்தில் வலை போட மாட்டார்கள். இதை நான் மகளிடம் சொன்னேன். இது பலிக்கும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்னைப் பக்கத்து ஆள் என்று சொல்லியிருந்தார்.

மகள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தனை நாளைக்கு?" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "நீங்க இங்க இருப்பீங்களா?"

ஆன்ட்டி என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் ஒரு ஆள் வேணும். பகல்ல, அவர்கூடவே இருக்கறதுக்கு" என்றார். தமிழில் தணிந்த குரலில், "ஓடிப்போற பயன்னா இப்பவே சொல்லிரு" என்று சேர்த்தார்.

டயர் கடைக்காரன் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. சரி என்றேன்.

உள்ளே போனேன். பெரியவரின் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருந்தது. நான் வாசலிலேயே நின்று, ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல், வேறு வேலையாகப் போகிறவன் நின்று சொல்வதுபோல் சொன்னேன். "வீட்ல ஆள் இல்ல ஐயா. காலைலயே கிளம்பிட்டாங்க. கழிக்கு அந்தப் பக்கம்."

அவர் திரும்பினார். "எதுக்கு?"

"பானை வாங்க. கரியும்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"அக்கா நேத்து சாயங்காலம் இருந்தாளே."

"சாயங்காலம் இருந்தாங்க" என்றேன். "விடியறப்ப படகு ஏறினாங்க."

"நீ பாத்தியா?"

"கரையில நின்னேன்."

"காத்து எப்படி?"

"தென்காத்து."

அவர் கண்ணை மூடி அதை யோசித்தார். தென்காற்றில் பாய்மரம் அக்கரை போய்விடும், திரும்புவது கஷ்டம். காற்று மாறும்வரை அங்கேயே தங்க வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "அப்போ நாளாகும்" என்றார்.

"ஆகும்."

மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சூட்கேஸுக்குப் பக்கத்தில் போய், அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் தொங்கவிட்டாள். பெரியவர் தடுக்கவில்லை. அவள் போனில் வேனை வேண்டாம் என்று சொல்லும்போது அழுதாள். அழுதுகொண்டே புக்கிங் எண்ணை ஒழுங்காகச் சொன்னாள்.

"நீ ஏன் நிக்கிறே?" என்றார் பெரியவர் என்னிடம். "உக்காரு. அவங்க வர்ற வரைக்கும் வீட்டைப் பார்க்க ஆள் வேணும்."

எனக்காக ஆன்ட்டி ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பெரியவர் எழுந்து தன் நாற்காலியை ஜன்னலிலிருந்து திருப்பி, வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் இருந்த ஆட்களைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்தவர்களைச் சொன்னேன். தெரியாதவர்கள் எல்லாரும் படகில் போயிருப்பதாகச் சொன்னேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இடையிடையே ரொம்ப நேரம் பேசாமல் இருப்பார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, நான் கேட்காத ஏதோ ஒன்றைக் கேட்கிறவர்போல். அப்போது நானும் பேசாமல் இருந்தேன். என் வேலை அதுதான் என்று புரிந்துகொண்டேன்.

மத்தியானம் ஆன்ட்டி எங்கள் இருவருக்கும் தட்டில் சோறு கொண்டுவந்தார். பெரியவர் ஒரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தி, அக்கா பசியோடு வருவாள், அவளுக்கும் எடுத்து வை என்றார். நான் சமையலறைக்குப் போய் இன்னொரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.